எட்டாம் வாய்ப்பாடு

கை செய்த வேலையை மனசு கூட இருந்து பார்க்கவில்லை என்றால், அது செய்த வேலையா, செய்யாத வேலையா, நீங்களே சொல்லுங்கள்? இளவரசிக்கு இந்தச் சந்தேகம் வந்து விழுந்தது, அலாரத்தைத் திருகி வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றப் போன நேரத்தில். கொஞ்சம் முன்னால் வந்து தொலைத்திருந்தால் என்ன? வராது. உப்புப் போட்டோமா என்கிற சந்தேகம் குழம்பை இறக்கி வைத்த பிறகுதானே வரும். குழம்பு என்றால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இதை எப்படி நக்கிப் பார்ப்பது? நீலத் தொட்டிக்குள் மருந்துத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது குழாய், மோட்டார் கொட்டகையில் சுருட்டிப் போட்ட ஓஸ் மாதிரி, கறுப்பாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. வாய் வழியாக விட்டு வயிற்றைப் பார்க்கிற எண்டோஸ்கோப்பிக் குழாய். ஒரு வயிற்றிலிருந்து வெளியே வந்தால், அடுத்த வயிற்றுக்குள் போவதற்கு முன்னால் இளவரசி கைக்கு வந்தாக வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் வேலை. சோப்புத் தண்ணீரை உறிஞ்ச விட்டாள், ஞாபகம் இருக்கிறது. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தாள், குமிழி வரவில்லை, ஞாபகம் இருக்கிறது. தொட்டியில் இறக்கி மூடியைப் போட்டாள், அதுவும் இருக்கிறது. நடுவில் ஒன்று உண்டே, குழாய்க்குள்ளே ஓடுகிற அந்தச் சின்னத் துவாரத்தில் நீளப் பிரஷை விட்டு இழுத்து இழுத்துத் தேய்ப்பது, அது எங்கே? அதை மட்டும் காணோம். துவாரத்தில் ஒட்டியிருக்கிற சளியும் ரத்தமும் தேய்த்துப் போகாமல் எத்தனை மருந்தில் ஊறப் போட்டாலும், வேர்த்துப் போன சட்டைக்கு மேலே சென்ட் அடித்த கதைதான். தேய்த்தேனா? தேய்க்காமல் எப்படித் தொட்டியில் போடுவேன். தேய்த்திருப்பேன். தேய்த்திருப்பேன் என்பதும் தேய்த்தேன் என்பதும் ஒன்றா?

ஒன்றில்லை. ஏனென்றால் அவள் தேய்த்தால் சத்தம் வரும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வாத்தியார் பிரம்பை மேசையில் தட்டித் தட்டி ஏற்றிவிட்ட எட்டாம் வாய்ப்பாடு, பிரஷைக் கையில் எடுத்ததும் தானாக வாயில் வந்துவிடும். ஓரெட்டு எட்டு, உள்ளே தள்ளு. ஈரெட்டு பதினாறு, வெளியே இழு. மூவெட்டு இருபத்துநாலு, பிரஷ் முனையை விரலால் அலசு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனை தடவை தேய்த்தோம் என்று குழம்பிப் போகிறது என்பதற்காக இவளாகப் பிடித்துக்கொண்ட வழி. வாய்ப்பாடு முழுசாக முடிந்தால்தான் துவாரம் சுத்தம். கழுவும் அறையில் கூட வேலை பார்க்கிற பாப்பாத்தி அக்கா, "வந்துட்டாடி டீச்சரு, பிள்ளைகளா எந்திரிங்க" என்று தினமும் கேலி பண்ணுவாள். சரி, இன்றைக்கு வாய்ப்பாடு சொன்னேனா? வாயில் அந்த ருசி இல்லையே. எண்பது என்று முடிக்கும்போது ஒரு பெருமூச்சு வரும், அது வந்ததா? இன்றைக்கு அந்த இடத்தில் அவள் வாய்க்குள் ஓடியது வேறு. 'என் கையைப் பார்த்தா உனக்கு மூக்கைப் பொத்தணும்னு தோணுதா? பொத்திக்க. நல்லாப் பொத்திக்க. வாயையும் சேர்த்துப் பொத்திக்க, அப்ப எப்படிக் குழாய முழுங்குறேன்னு பாக்கிறேன்.' இதைத்தான் சொல்லிக்கொண்டே நின்றாள். இந்தப் பேச்சு பேசிக்கொண்டே கை தேய்த்ததா, இல்லை பேச்சிலேயே நேரம் போய்த் தொட்டியில் போட்டுவிட்டாளா?

எல்லாம் அந்த ஜெயக்கொடியால். வராண்டாவில் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறாளே, பச்சைச் சேலை, அவள்தான். இளவரசி புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, மூத்த ஓர்ப்படி. பேச்சு வார்த்தை நின்றுபோய் நாலைந்து பொங்கல் வந்து போய்விட்டது. நாலு நாளாக வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம், நேற்று ஒரு தடவை ரத்தமாக வாந்தி வந்ததாம், வயிற்றுக்குள் எங்கேயோ கசிகிறது, குழாய் விட்டுப் பார்த்து அங்கேயே கிளிப் போட்டு அடைக்க வேண்டுமாம். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. முந்திய ஆள் முடிந்து, இளவரசி குழாயைத் தட்டில் சுருட்டி மூடி எடுத்துக்கொண்டு வராண்டாவைத் தாண்டும்போது இந்த மகாராணி கண்ணைத் திறந்தாள். இளவரசியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம், வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி, "இவ கழுவித் தாறதையா நான் முழுங்கணும்? இதுக்கு நான் கொல்லையில கிடந்தே சாகலாம்" என்றாள். ரத்தம் கக்கின வாய்க்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ. மூத்தார் பெரியதுரை, அவர் பாட்டுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தை உற்றுப் பார்த்தார், பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி. இளவரசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் தப்பாகப் போயிற்று. சொல்லியிருந்தால் அது வராண்டாவிலேயே போயிருக்கும். சொல்லாமல் கழுவும் அறைக்குள் தூக்கிக்கொண்டு வந்தாள், அது அவளுடைய வாய்ப்பாட்டை வாயிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அலாரம் டிக் டிக் என்கிறது. தக்காளிப் பழம் மாதிரி சிவப்பாக, சமையல்கட்டில் வைக்கிற அலாரம், யாரோ மெடிக்கல் ரெப் கொடுத்தது. அது அடித்தால் எடுத்துவிடலாம், சுத்தத் தண்ணீரில் அலசி, ஸ்பிரிட் விட்டு, காற்றடித்து, கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுத்துவிடலாம், யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கையுறை கிழிந்து போன நாளில் மருந்துத் தண்ணீர் பட்டு அவள் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு இடம் கறுத்துப் போயிருந்தது. இந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம். சதை, சளி, ரத்தம் எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு கறுக்கடித்துவிடும். அன்றைக்கும் அந்தக் கறுப்பைத்தான் ஜெயக்கொடி பார்த்தாள். அன்றைக்கு என்றால் ஜெயக்கொடியின் மகளுக்குக் காது குத்து, மூத்தார் வீட்டு வாசலில் பந்தல், சொந்தக்காரர் அத்தனை பேரும். இளவரசியின் மகள் அமுதினி அப்போதுதான் ஓடியாடத் தொடங்கியிருந்தாள். வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை, குடத்தின் மேலே கவிழ்த்திருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டு, பிள்ளைதானே, அண்ணாந்து குடிக்கத் தெரியுமா, வாயை வைத்துக் குடித்துவிட்டது. எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அன்றைக்கு முழுக்க எல்லாப் பிள்ளையும் அதைத்தான் செய்தது. ஆனால் ஜெயக்கொடி ஓடிவந்து இந்தப் பிள்ளை கையிலிருந்து மட்டும் சொம்பைப் பிடுங்கினாள். மிச்சத் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள். "ஊரான் வாயிலயும் குடல்லயும் விட்டு எடுக்கறதக் கழுவுற கை, அந்தக் கையால ஊட்டி வளத்த வாயி, எங்க வீட்டுச் சொம்புலயா வைக்கிறது எச்சி? பாருங்க அவ கைய, நோய் புடிச்ச கரிக்கட்ட மாதிரி." சொல்லிவிட்டுப் புளியும் சாம்பலும் எடுத்துவந்து பந்தலுக்கு நடுவில் குத்தவைத்து அந்தச் சொம்பைத் தேய்த்தாள் பாருங்கள், தேய் தேய் என்று, பித்தளை தேய்ந்து காகிதமாகிவிடும் போல. அமுதினி கையைத் தட்டிச் சிரித்தது. பெரியம்மா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டது. அந்தச் சிரிப்பைத்தான் இளவரசியால் தாங்க முடியவில்லை. வைத ஏச்சைக் கூட மறந்திருப்பாள்.

இப்போது பார். அந்தச் சொம்பை அப்படித் தேய்த்தவள் வயிற்றுக்குள் போகப்போகிற குழாயை நான் தேய்த்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. சிரிப்பு வந்தது இளவரசிக்கு. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. இந்தக் குழாயைக் கடைசியாக முழுங்கினது யார்? லாரிக்காரர். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வயிறு உப்பி, வாங்கும்போதே குழாயோடு ரத்தமும் சளியும் நூல் நூலாக வந்தது, பியூலா சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ரத்தத்தில் என்ன இருக்கிறதோ, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அது ஒரு துளி அந்தத் துவாரத்துக்குள் ஒட்டியிருந்தால்? ஜெயக்கொடிக்கு உள்ளே ஏற்கெனவே புண். புண்ணுக்குப் பக்கத்தில் இது போய்ப் பீய்ச்சினால்? போகட்டுமே என்றது ஒன்று. அது இளவரசியின் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை, உள்ளே உட்கார்ந்து கால் மேல் கால் போட்டுக்கொண்டு பேசியது. போகட்டும். எச்சில் எச்சில் என்று ஆடினாளே, ஒரு லாரிக்காரனுடைய எச்சிலும் ரத்தமும் அவள் வயிற்றுக்குள்ளேயே போகட்டும், எந்தப் புளியைப் போட்டுத் தேய்ப்பாள் பார்ப்போம், எந்தச் சாம்பல் அவ்வளவு உள்ளே போகும். யாருக்குத் தெரியும்? நீயே வேண்டுமென்று செய்யவில்லையே. ஞாபகம்தானே இல்லை. ஒருவேளை தேய்த்தும் இருப்பாய். பாதிக்குப் பாதி. தேய்த்திருந்தால் ஒன்றுமில்லை, தேய்க்காமலிருந்தால் அவள் தலையெழுத்து. இவ்வளவு நியாயமாக அது பேசியதில் இளவரசிக்கே குளிரெடுத்தது. அந்த அறையில் ஏசி கிடையாது.

பிரஷைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று திடீரென்று தோன்றியது. தேய்த்திருந்தால் ஈரமாக இருக்கும். திரும்பினாள். ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் பிரஷ்கள் எல்லாம் வரிசையாகத் தொங்கின, எல்லாமே சொட்டச் சொட்ட. பாப்பாத்தி அக்கா மொத்தத்தையும் வாரி அலசி மாட்டிவிட்டுத் தரையை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள். "எப்பக்கா இதெல்லாம் அலசுனீங்க?" "இப்பத்தான். ஏன், உனக்கு ஈரமா வேணுமா காஞ்சதா வேணுமா?" "இல்லக்கா... நான் இப்ப வாய்ப்பாடு சொன்னனா?" பாப்பாத்தி அக்கா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "என்னடி கேள்வி இது. வாய்ப்பாடு சொன்னியா இல்லியான்னு என்னயக் கேக்கற. அந்தக் காத்து மிஷின் ஓடுற சத்தத்துல எமன் வந்து கூப்பிட்டாலே எனக்குக் கேக்காது. ஒதட்ட மட்டும் அசச்சிக்கிட்டு நின்ன. நான் சாமி கும்பிடறேன்னு நெனச்சேன்." உதட்டை அசைத்தேன். அசைத்தது வாய்ப்பாட்டுக்கா, வசவுக்கா? அக்கா மறுபடி குனிந்துகொண்டாள். "வெளிய உக்காந்திருக்கே ஒரு பச்சச்சேல, அது உங்க வீட்டாளாம்ல? என்னா வாயி, யம்மா. குடிக்கத் தண்ணி கேட்டுச்சு, குடுக்கக் கூடாதுன்னேன், என் வம்சத்தையே இழுத்துருச்சு." இளவரசிக்கு ஒரு கணம் பாப்பாத்தி அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடுத்த கணம், தண்ணீர் கேட்டாளா என்று இருந்தது. தாகமாக இருக்கும். ரத்தம் போனால் நாக்கு வறளும். வறளட்டும். இல்லை, வறளும்தான், அதைச் சொன்னேன்.

ரெண்டு குழாய் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. இன்னொன்றைப் போன மாதம் ஒரு பெரியவர், பல் படாமலிருக்க வாயில் வைக்கிற வாய்க்கட்டை நழுவிப்போய் நறுக்கென்று கடித்துவிட்டார், ரிப்பேருக்குப் போனது போனதுதான். மறுபடி முதலிலிருந்து சோப்பு, பிரஷ், அலசல், ஊறல் என்று ஆரம்பித்தால் டாக்டர் இருப்பாரா? ஞானப்பிரகாசம் டாக்டர் திருச்சியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் இந்தப் பக்கம் வருகிறார். இன்றைக்கு அவசரக் கேஸ் ஒன்று அங்கே காத்திருக்கிறதாம், காலையிலிருந்தே கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு திரிகிறார். அவர் கிளம்பிப் போய்விட்டால் ஜெயக்கொடியை யார் பார்ப்பது? திருச்சிக்கு ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். வழியில் இன்னொரு தடவை வாந்தி வந்தால்? அப்போது ஊரில் என்ன பேசுவார்கள், சின்ன ஓர்ப்படி குழாயைக் கொடுக்காமல் இழுத்தடித்துச் சாகடித்துவிட்டாள் என்றுதானே. கொடுத்தால் நோய், கொடுக்காவிட்டால் சாவு, ரெண்டிலும் இளவரசி பேர். இவள் செத்தாலும் என்னைத்தான் இழுப்பாள், பிழைத்தாலும் என்னைத்தான் இழுப்பாள், எப்படிப்பட்ட பிறவியோ. சரி, சிஸ்டரிடம் போய் என்ன சொல்வது? தேய்த்தேனா என்று ஞாபகமில்லை என்றா? இத்தனை நாள் கழுவினதெல்லாம் எப்படி என்று கேட்பாள். கேட்பாளா, கேட்காமலே மேலே சொல்லிவிடுவாள். சீட்டைக் கிழித்துவிட்டால் அமுதினிக்குப் பள்ளிக்கூட வேன் நிற்கும், கரும்பு வெட்டப் போகிற புருஷன் சின்னத்துரை ஒற்றைக் கூலியில் எத்தனையைப் பார்ப்பான். 'உங்க அண்ணன் பொண்டாட்டிக்காகத்தான் என் வேலை போச்சு' என்று அவனிடம் சொன்னால் நம்புவானா? சிரிப்பான். அவளுக்காகவா, நீயா, என்பான். அவளுக்காக இல்லடா. அவளுக்காக நான் ஒரு மயிரும் பிடுங்க மாட்டேன். பிறகு யாருக்காக? அது தெரியவில்லை. வாய்ப்பாட்டுக்காகவோ என்னவோ. எழுபத்திரண்டில் நிறுத்திவிட்டு எண்பது சொல்லாமல் எழுந்து போகச் சொன்னால் எப்படிப் போவது.

அலாரம் அடித்தது. தக்காளி குலுங்கிக் குலுங்கி அடித்தது. கை பழக்கத்தில் மூடியைத் திறந்துவிட்டது, புதுக் கையுறை மாட்டிக்கொண்டுவிட்டது, குழாயைத் தூக்கிவிட்டது, மருந்துத் தண்ணீர் வழிந்தது. கதவில் பியூலா சிஸ்டர் தலை. "இளவரசி, ஆச்சா? டாக்டர் குதிக்கிறார். பேஷண்டுக்கு பி.பி. வேற இறங்குது." ஆச்சு சிஸ்டர் என்று சொல்ல வாய் திறந்தாள். அதே வாய்தான், அசைந்த உதடுதான், ஆனால் இந்தத் தடவை என்ன வருகிறது என்று மனசு பக்கத்திலேயே நின்று பார்த்தது. "இல்ல சிஸ்டர். திரும்பக் கழுவணும். உள்ள பிரஷ் போட்டனான்னு எனக்கு ஞாபகமில்ல." சிஸ்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "என்ன சொல்ற நீ? யோசிச்சுச் சொல்லு. போட்டிருப்ப." "போட்டிருப்பேன் சிஸ்டர். போட்டேனான்னு தெரியல." "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? இன்னைக்குப் பார்த்தா?" சத்தம் கேட்டு டாக்டரே வந்துவிட்டார், சாவி விரலில் நின்றுபோயிருந்தது. கேட்டார். இளவரசியைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தார். "ஞாபகமில்லைங்கறதெல்லாம் ஒரு பதிலாம்மா? சாப்பிட்டியான்னு கேட்டா ஞாபகமில்லைன்னு சொல்லுவியா?" அவர் மூக்கால் மூச்சு விட்டார். "கழுவு. வேகமா இல்ல, ஒழுங்காக் கழுவு. சிஸ்டர், அந்தம்மாவுக்கு டிரிப்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க, ரத்தம் ரெடியா இருக்கட்டும். திருச்சிக்கு நான் பேசிக்கிறேன்." கதவருகில் போய்த் திரும்பி, "சாயங்காலம் நீ ஆபீஸுக்கு வா" என்றார். அது வசவா, வேலையிலிருந்து நிறுத்துவதா, அவர் குரலில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

சோப்புத் தண்ணீர். உறிஞ்ச விட்டாள். பிரஷை எடுத்தாள். வெளியே பியூலா சிஸ்டர் பெரியதுரையிடம் இன்னும் கொஞ்ச நேரமாகும் என்று சொல்வதும், அதற்கு ஜெயக்கொடி எழுந்து உட்கார்ந்து கத்துவதும் சுவரைத் தாண்டி வந்தது. "அவ வேணும்னே பண்றா! பட்டினி போட்டே என்னயக் கொல்லப் பாக்கறா! ஏங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, போயிக் கேளுங்க!" இளவரசி காற்று மிஷினை நிறுத்தினாள். இந்தத் தடவை காதில் விழ வேண்டும், தன் காதில், பாப்பாத்தி அக்கா காதில், யார் காதில் விழுந்தாலும் சரி. தொண்டையைத் திறந்தாள். "ஓரெட்டு எட்டு!" பாப்பாத்தி அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள். "ஈரெட்டு பதினாறு!" தள்ளு. இழு. நாலாம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து கத்துகிற மாதிரி கத்தினாள், ஓடு அதிர. "மூவெட்டு இருபத்துநாலு!" வெளியே ஜெயக்கொடியின் குரல், இந்தத் தடவை கோபத்துக்குள்ளே பயம் கலந்து, "கேட்டீங்களா, மந்திரம் போடறா! எம்பேருல என்னமோ ஓதறா!" வராண்டாவில் யாரோ சிரித்தார்கள். மூத்தார் குரல் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்டது, "வாய்ப்பாடுடி அது. சும்மா கிட." நாலெட்டு முப்பத்திரண்டு. உனக்கு மந்திரம் ஒரு கேடு. ஐயெட்டு நாற்பது. மந்திரம் தெரிந்திருந்தால் அன்றைக்கே உன் சொம்பை உருக்கியிருப்பேன். ஆறெட்டு நாற்பத்தெட்டு. மூவெட்டில் முதல் தடவையாகப் பிரஷின் முனை வெளியே எட்டிப் பார்த்தபோதே அவள் குனிந்து உற்றுப் பார்த்திருந்தாள். உள்ளே எதுவும் ஒட்டியிருந்தால் இந்நேரம் மருந்து அதைப் பிடித்துக் கறுக்கடித்திருக்கும், பிரஷின் மயிரில் கறுப்புத் திட்டாக வந்தாக வேண்டும். வெள்ளையாக வந்தது. மறுபடி விட்டாள், மறுபடி வெள்ளை. முட்டைத் தோலை உரித்த மாதிரி வெள்ளை. முதலிலேயே தேய்த்திருக்கிறாள். மனசு வராண்டாவில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது கை தன் பாட்டுக்கு எண்பது வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லாமல். அடி சண்டாளி என்றாள் இளவரசி, கையைத்தான். கறுப்பாக வந்திருந்தால் டாக்டரிடம் காட்டியிருக்கலாம், பாருங்க சார், நல்லவேளை என்று சொல்லியிருக்கலாம். வெள்ளையை யாரிடம் காட்டுவது? ஒன்றுமில்லாததற்கு வேலையைப் பணயம் வைத்து, ஒன்றுமில்லாததற்கு இவளைக் காக்கவைத்து, ஒன்றுமில்லாததற்குச் சூனியக்காரி பட்டமும் வாங்கியாயிற்று. மிச்சத்தையும் சொன்னாள். சத்தம் குறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எண்பது வரைக்கும். பெருமூச்சு வந்தது. அலசி, மருந்தில் இறக்கி, தக்காளியைத் திருகி வைத்துவிட்டு, தொட்டியை விட்டு நகராமல், கண்ணை எடுக்காமல், சோறு வடிகிறதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

குழாயைக் கொண்டுபோனபோது ஜெயக்கொடியைக் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தாயிற்று, நாக்கு தடித்து, எச்சில் தலையணையில் ஒழுகியது. துடைக்கக் கூட அவளுக்குக் கை எழவில்லை. முகம் பழுத்த பூவரச இலை மாதிரி வெளிறிப் போயிருந்தது. இவ்வளவு ரத்தம் போய்விட்டதா என்று இளவரசிக்குத் திக்கென்றது. அந்தத் திக்கை அவளுக்குப் பிடிக்கவில்லை. வாய்க்கட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை அசையாமல் அமுக்கிக்கொள்கிற வேலையும் இளவரசியுடையதுதான், சிஸ்டர் ஊசி போடுகிற பக்கம் நிற்க வேண்டும். அவளைப் பக்கத்தில் பார்த்ததும் ஜெயக்கொடி தலையைத் தூக்கப் பார்த்தாள். "வேற... ஆழு... இழ்ழியா?" மரத்த நாக்கில் ழகரமாகக் கொட்டியது. "வேற ஆளு இல்லம்மா, இவங்கதான்" என்றாள் பியூலா சிஸ்டர். ஜெயக்கொடி உதட்டை உள்ளே இழுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். பூட்டுப் போட்ட மாதிரி. கண் மட்டும் இளவரசியின் மணிக்கட்டுக்குக் கீழே, கையுறை முடிகிற இடத்தில், அந்தக் கறுப்பைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் குழாயின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "வாயைத் திறக்கச் சொல்லும்மா. நேரம் போகுது." சொல்ல வேண்டும். பேச்சு விட்டுப்போன நாளிலிருந்து முதல் வார்த்தை. எத்தனை ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்து வைத்திருக்கிறாள், என்றைக்காவது எதிரில் வந்தால் என்ன கேட்பது என்று, எத்தனை சொல்லைக் கூர் தீட்டி வைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒழுகின எச்சிலை ஒரு துணியால் ஒற்றி எடுத்தாள். குனிந்தாள். அந்தக் காதில் தோட்டின் கல் ஒன்று விழுந்துபோயிருந்தது, இவ்வளவு கிட்டத்தில் பார்த்தே எத்தனை நாளாயிற்று.

"ரெண்டு தடவை தேய்ச்சிருக்கேன்க்கா. உங்க வீட்டுச் சொம்பை விடச் சுத்தமா இருக்கு. வாயைத் தொறங்க."